வில்லனாய் வந்து வீட்டுப் பெரியவரானவர்

பங்காருபேட்டையில் வண்டி மாறி மாரிக்குப்பம் சென்று, தங்கச் சுரங்கங்களில் உழைத்த தமிழர்களின் வழிவந்தவர்கள் நம்மிற் பலர். சொந்த ஊரை விட்டுக் கூலி வேலைக்குப் போன ஒருவனைப் பற்றிய கதையிலேதான் டி. எஸ். பாலையாவின் திரைவாழ்வும் தொடங்கிற்று என்பதை நேயர்களிற் சிலரே அறிந்திருப்பர்.

அப்படம் 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். எம். ஜி. ஆர் திரையிற் கால் வைத்ததும் இதிலேதான். குடும்பஸ்தன் ஒருவன் குடிப்பழக்கத்துக்கு ஆளாகிறான். தான் கொலை செய்துவிட்டதாக அஞ்சி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்திற் கூலியாகிறான். அவனைக் கெடுத்த ராமநாதன் என்னும் வஞ்சகனே பாலையா. கூலி வாரத்தன்று சாராயக்கடைப் பக்கம் இழுத்துச் செல்லும் 'நண்பனை'க் கண்டறிந்த குடும்பங்களுக்கு இந்த ராமநாதன் அந்நியனல்லன்.

திருநெல்வேலிச் சீமைச் சுண்டங்கோட்டையில் 1914இல் பிறந்து, நாடக மேடையில் தேர்ந்தவர் பாலையா. 1937இல் 'அம்பிகாபதி'யிலும் வில்லனே. அத்துடன் அவரை வில்லனென்று ஒதுக்கிவிடவும் இயலவில்லை. அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949) கதாநாயகனுக்கு வழிகாட்டும் மதியூகி மணி. 'தூக்குத் தூக்கி'யில் (1954) கொச்சைத் தமிழ் பேசும் வடநாட்டுச் சேட்.

ஆயினும் அவருடைய உச்சம் 1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யே என்பது எம் கருத்து. நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார், பாலையா கேட்கிறார். அவ்வளவே காட்சி. பேசுபவரைவிடக் கேட்பவரையே கண்கள் நாடுகின்றன. விழி பிதுங்குகிறது, தொண்டை அடைக்கிறது. செல்வந்தர் என்ற மிடுக்கு சிறிது சிறிதாகக் கழன்று விழுகிறது. நாகேஷின் வேகத்துக்கு அவர் போட்டியிடவில்லை, இடங்கொடுத்தார். முன்னணி நடிகர்களிற் பலருக்கு வாய்க்காத பெருந்தன்மை அது!

மறு ஆண்டு 'திருவிளையாடல்'. பாண்டிய நாட்டையே பாட்டுக்கு அடிமையாக்க வந்த ஹேமநாத பாகவதராக, பாலமுரளி கிருஷ்ணாவின் குரலுக்கு அவர் வாயசைத்த செருக்கை மறக்கவியலுமா? அதே ஏ. பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜியின் நாகஸ்வரத்துக்குத் துணைநிற்கும் தவில் வித்துவானாகி, அச்செருக்கையெல்லாம் களைந்து நின்றார். இடையே 'பாமா விஜயம்' (1967) அவரை மூன்று மகன்களின் தந்தையாக்கிற்று. முப்பதாண்டுகளுக்குமுன் குடும்பத்தைக் குலைத்த ராமநாதன், இங்கே குடும்பம் குலையாதிருக்கப் பாடுபடும் பெரியவர்!

1972இல் அவர் மறைந்தார். 2001இல் நம் சுரங்கங்களும் மூடப்பட்டன. இன்று நம் பிள்ளைகள் விடியற்காலை வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகின்றனர். ஞாயிறன்று தொலைக்காட்சியில் அந்தப் பேய்க்கதைக் காட்சி வந்தால் வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடிவிடுகின்றனர். அவ்வேளையில் பாட்டியிடம் ராமநாதனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.