கதைக்குள் ஒளிந்த அம்மா

அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' நாவலில் அம்மு 31 வயதில் செத்துப்போகிறாள். அம்முவுக்கு மூலமாக இருந்த அருந்ததியின் அம்மா மேரி ராய், 88 வயது வரை வாழ்ந்து 2022 செப்டம்பரில்தான் மறைந்தார். அருந்ததி ராயின் நினைவுக்குறிப்பு நூலான 'மதர் மேரி கம்ஸ் டு மீ' (2025) கைக்கு வந்தபோதுதான் இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. நாம் இரக்கப்படக்கூடிய அம்மாவை மகள் 1997லேயே நாவலில் கொடுத்துவிட்டார். இரக்கப்பட இடமே தராத அம்மாவைத் தன்னிடமே வைத்திருந்தார். அந்த அம்மா உயிரோடு இருந்தவரை வெளியே விடவில்லை.

இந்தப் புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது ஊட்டிப் பக்கங்களை. குடிகாரக் கணவனை விட்டு இரண்டு பிள்ளைகளோடு வந்த மேரி, அங்கே தன் அப்பாவுக்குச் சொந்தமான வீட்டில் தங்குகிறார். அண்ணன் வந்து வெளியேறச் சொல்கிறார். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஆனால் அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் செல்லாது என்று வக்கீலிடம் தெரிந்துகொண்டு மேரி அங்கேயே இருந்துவிடுகிறார். பின்னால் அவரே உச்ச நீதிமன்றம் வரை போய், 1986இல் சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சம பங்கு வாங்கித் தந்தார். இது ஊரறிந்த சேதி. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் எப்படி இருந்தார் என்பது மகள் சொன்னால்தான் தெரியும். கோட்டயத்தில் அவர் தொடங்கிய பள்ளியில் பெற்ற பிள்ளைகளும் அவரை 'மிஸஸ் ராய்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆஸ்துமாவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறும்போதெல்லாம், அவருக்காகத் தான் மூச்சுவிட வேண்டும் என்று நினைக்கிற குழந்தை அருந்ததி. அதே அம்மாவின் வாயிலிருந்து வருகிற வசவுகளைப் படிக்கும்போது நமக்கே முகம் சிவக்கிறது. கட்டடக்கலை படிக்க டெல்லிக்குப் போன மகள், 18 வயதில் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்.

அம்மாவை மன்னித்துவிட்டேன் என்று அருந்ததி எங்கும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கணக்கைத் தீர்க்காமல் விட்டதுதான் புத்தகத்தின் பலம். பிற்பகுதியில் நர்மதை, காஷ்மீர், நீதிமன்ற வழக்குகள் என்று வரும் பக்கங்களை வேகமாகத்தான் தள்ளினேன். அவருடைய கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு அவை பழைய பாடம்.

நம் ஊரில் அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே பேனா இரங்கற்பா பாடத் தொடங்கிவிடும். பெருமாள்முருகனின் 'தோன்றாத் துணை' அதில் விழாமல் தப்பித்ததற்குக் காரணம், அம்மாவின் குணத்தைவிட அவர் செய்த வேலைகளை அதிகம் சொன்னது. ஆனாலும் அம்மாவின் கொடுமையை எழுதிய தமிழ் மகளை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொரு நினைவுக்குறிப்பான சல்மான் ருஷ்டியின் 'நைஃப்' (2024) எனக்கு நேர் எதிரான அனுபவம். 2022 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் சட்டாக்குவாவில் மேடையிலேயே கத்திக்குத்து பட்டு வலது கண்ணை இழந்தவர், அந்த 27 விநாடிகளை எழுதியிருக்கும் விதத்தில் ஒரு சொல்கூட உபரி இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கங்களில் தன் உடம்பைப் பார்த்துத் தானே சிரிக்கவும் அவரால் முடிகிறது. பிறகு, குத்தியவனோடு பேசுவதாக ஒரு கற்பனை உரையாடலைக் கொண்டுவருகிறார். அங்கே புத்தகம் படுத்துவிடுகிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் இளைஞன் ருஷ்டிக்கு வசதியான பதில்களையே சொல்கிறான். ஐம்பது வருடம் பாத்திரங்களைப் படைத்த கைக்கு, தன்னைக் குத்தியவனுக்கு உயிர் கொடுக்க வரவில்லை. அதில் நியாயம் இருக்கலாம், ஆனால் அந்த அத்தியாயம் வேண்டாத அத்தியாயம்.

அப்படி உயிர் கொடுக்க வேண்டிய இடத்தில் வி.வி.கணேசானந்தன் கொடுத்திருக்கிறார். பெண்களுக்கான புனைகதைப் பரிசை 2024இல் வென்ற அவருடைய 'பிரதர்லெஸ் நைட்'டை நான் சந்தேகத்தோடுதான் எடுத்தேன். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர் ஆங்கிலத்தில் எழுதும் யாழ்ப்பாணம் எப்படி இருக்குமோ என்ற பயம். முதல் அத்தியாயத்திலேயே அது போய்விட்டது. கொதிநீர் பட்டு அலறும் சசியின் மேல், பக்கத்து வீட்டுப் பையன் 'கே' முட்டைகளை உடைத்து ஊற்றுகிறான். சசி மருத்துவ மாணவியாகிறாள், கே விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போகிறான். பிறகு அவன் உண்ணாவிரதம் கிடந்து உயிர்விடும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். உண்ணாவிரதத்தில் உயிர்விட்ட புலிகளின் திலீபனை நினைக்காமல் இதைப் படிக்க முடியாது. அஞ்சலி என்ற பேராசிரியரைப் பார்க்கும்போது, 1989இல் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாண மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திரணகமவின் முகம் வருகிறது. நாவல் இயக்கத்தையும் விடவில்லை, அரசையும் விடவில்லை, இந்திய ராணுவத்தையும் விடவில்லை. இத்தனைக்கும் நடுவில் கேயின் மேல் சசிக்கு இருக்கும் பிரியத்தைக் கொச்சைப்படுத்தவும் இல்லை.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, அதே இயக்கத்தில் இருந்த தமிழினியின் தன்வரலாறான 'ஒரு கூர்வாளின் நிழலில்'. அவர் மறைந்த மறு வருடம், 2016இல் வெளிவந்தது. அது முழுக்க அவர் எழுத்துதானா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது. எனக்கு அதில் பட்டது, தான் நம்பி இருந்த இடத்தையே கேள்வி கேட்கும் ஒரு குரலின் தயக்கம். நாவலாசிரியை நாலு பக்கத்தில் விரிக்கும் மரணத்தை இவர் ஒரு வரியில் கடந்துபோகிறார். இருந்து பார்த்தவர்கள் பல சமயம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாஸேஜ் நார்த்' (2021) எல்லோருக்குமான நாவல் இல்லை. மகன்களைப் போரில் பறிகொடுத்த ராணியின் சாவுக்குக் கொழும்பிலிருந்து ரயிலில் வடக்கே போகிறான் கிருஷன். நேர் உரையாடல் கிடையாது, வாக்கியங்கள் பக்கக்கணக்கில் நீளும். ஆனால் மனத்திலேயே கோயில் கட்டிய பூசலார் கதை அங்கே வந்து நிற்கும் இடத்தை, பெரியபுராணம் கேட்டு வளர்ந்த நம்மவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 'பிரதர்லெஸ் நைட்' வாங்குங்கள். அருந்ததியை யாரிடமாவது இரவல் கேளுங்கள், இப்போது எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. 'நைஃப்' நூலகத்தில் கிடைத்தால் போதும். தமிழினியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.