மழலைப் பாடலும் பாவைக்கூத்தும்

நான்கு வரி மழலைப் பாடலைத் தொலைக்காட்சிப் பாவைக்கூத்தாக்குவது எளிதென்று தோன்றலாம். ஆயினும், செவிக்கெனப் பிறந்த பாடல் கண்ணுக்கு வரும்போது ஒன்றை இழக்கின்றது.

ஆங்கிலேயரின் ஹம்ப்டி டம்ப்டிப் பாடல் இதற்குச் சான்று. 1797 இல் அச்சேறிய அப்பாடலில், மதிலிலிருந்து விழுந்தவன் ஒரு முட்டை என்ற செய்தி எங்கும் இல்லை. உடைந்தபின் எவராலும் ஒட்ட இயலாத பொருள் யாது என வினவும் விடுகதையே அது என்பர் ஆய்வாளர். பாவை செய்வோரோ ஓர் உருவத்தைக் காட்டியே ஆகவேண்டும். முட்டை முகத்துடன் பாவை தோன்றியவுடன் விடுகதையின் விடையும் வெளிப்பட்டுவிடுகின்றது.

இவ்விழப்பை ஈடுசெய்வது எவ்வாறு? 1969 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சி ஒரு வழி கண்டது. அதில் ஜிம் ஹென்சன் இயக்கிய கெர்மிட் என்னும் தவளைப் பாவை, செய்தியாளர் வேடம் பூண்டு, பாடல்களிலும் கதைகளிலும் வரும் மாந்தரை நேரிற் சென்று பேட்டி கண்டது. பாடலின் முடிவு குழந்தைக்கு முன்பே தெரியும். செய்தியாளரோ எதிர்பாராத நிகழ்வுகளிற் சிக்கித் திண்டாடுவார். விடை காணும் இன்பம் போன இடத்தில், செய்தியாளரினும் தான் மிகுதியாக அறிந்திருக்கும் இன்பம் குழந்தைக்கு வாய்க்கின்றது.

எனினும், இவ்வின்பம் பாடலை முன்பே கேட்டறிந்த குழந்தைக்கே உரியது. பாவை எத்துணை அழகியதாயினும், தாய் பாட வேண்டிய பாட்டைத் தாயே முதலிற் பாடுதல் வேண்டும்.