வெளிநாட்டுப் பணம் போன் வழியா வருது... நம்ம கணக்கு தயாரா?



நம் கூட்டமைப்பில் கணவர், மகன், அண்ணன் என்று யாராவது சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. சிங்கப்பூரில் இருப்பவர்கள் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய், பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நிற்பார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் அங்கே தொழிலாளர் விடுதிகளை விட்டு வெளியே வர முடியாமல் போனது. அப்போது பலர் போனிலேயே பணம் அனுப்பப் பழகிக்கொண்டார்கள். 2023 பிப்ரவரி 21 அன்று நம் நாட்டு யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. இதில் சேர்ந்துள்ள வங்கிகளில் இருவருக்கும் கணக்கு இருந்தால், நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை சில நிமிடங்களில் வந்து சேரும்.

அனுப்புவது சுலபமாகிவிட்டது, சரி. வாங்குகிற கணக்கு யாருடையது, எப்படி இருக்கிறது? இதைத்தான் நாம் இப்போது பார்க்கணும்.

பணம் யார் பெயரில் வருகிறது?

"அவரு அனுப்புறாரு, மாமனார் கணக்குல விழுது. பள்ளிக்கூட பீஸுக்குக் கூட நான் கேட்டு வாங்கணும்." குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கடையில் நிற்க வேண்டிய காலத்தில் ஒரே கணக்குக்கு மொத்தமாக அனுப்புவது வழக்கம். இன்று போனில் இரண்டு பேருக்குப் பிரித்து அனுப்புவதும் எளிது. பெற்றோருக்கு ஒரு பங்கு, மனைவி கணக்குக்கு ஒரு பங்கு என்று பேசி முடிவு செய்யலாம். மாதாமாதம் பணம் வந்த பதிவு உங்கள் பாஸ்புக்கில் இருந்தால், கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது காட்டலாம். கணவர் அனுப்பும் பணத்துக்கு நீங்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் குழுக் கணக்கின் எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது எல்லோருடைய பணம், தணிக்கையில் சிக்கல் வரும்.

உங்கள் கணக்கு 'சிறு கணக்கா'?

முழு ஆவணம் இல்லாமல் போட்டோவும் கைநாட்டும் மட்டும் வைத்துத் தொடங்கியது 'சிறு கணக்கு'. அதில் ஒரு வருடத்தில் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது. முழு ஆவணம் கொடுக்கும்வரை வெளிநாட்டுப் பணமும் சேராது. ஆதார் போன்ற ஆவணத்துடன் கிளைக்குப் போய் கே.ஒய்.சி. முடித்தால் சாதாரணக் கணக்காக மாற்றித் தருவார்கள். 2 வருடம் நீங்கள் போடாமலும் எடுக்காமலும் விட்ட கணக்கு செயலிழந்துவிடும். அதையும் கே.ஒய்.சி. கொடுத்துத்தான் உயிர்ப்பிக்கணும்.

ஐ.எஃப்.எஸ்.சி. எண் சரியா?

இதில் மொத்தம் 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில 'ஓ' அல்ல. வங்கிகள் இணைந்ததால் பல எண்கள் மாறிவிட்டன. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், நம் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடும் 2020-ல் இணைந்தன. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எண் அனுப்பாமல் கிளையில் கேட்டு அனுப்புங்கள்.

'கட்டணம் இலவசம்' என்றால் லாபமா?

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் வீட்டுக்காரரிடம் 500 வெள்ளி இருக்கிறது. ஒரு கடையில் கட்டணம் 5 வெள்ளி, வெள்ளிக்கு 65 ரூபாய். மீதி 495 வெள்ளிக்கு 32,175 ரூபாய் வரும். ஒரு ஆப்பில் கட்டணமே இல்லை, ஆனால் வெள்ளிக்கு 64 ரூபாய். 500 வெள்ளிக்கு 32,000 ரூபாய்தான். 'இலவசம்' என்றதில் 175 ரூபாய் போச்சு! இது உதாரணத்துக்குச் சொன்ன விலை. அதனால் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். "நம்ம கணக்குல எவ்வளவு விழும்?" என்று கேளுங்கள். வேறொரு நாளில் வேறொரு ஆப் மலிவாக இருக்கலாம்.

உண்டியல் வேண்டாம்

உண்டியலில் கூடுதலாகக் கிடைக்குதுன்னு சொல்வார்கள். 1999-ம் வருட அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது விதிமீறல். பணம் வராவிட்டால் கேட்க ரசீதும் கிடையாது. அனுப்பும் கடையோ ஆப்போ உரிமம் பெற்றதா என்பதைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏமாறாமல் இருக்க

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. "வெளிநாட்டுப் பணம் வந்திருக்கு, பின் நம்பர் போடுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் கேட்டாலும் போனை வையுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். பிறகு வங்கிக்குப் போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் சொந்தப் பாஸ்புக்கை எடுத்து வாருங்கள். ஊக்குநரும் பிரதிநிதியும் உடன் உட்கார்ந்து, சிறு கணக்கு எது, முடங்கிய கணக்கு எது என்று பட்டியல் எடுங்கள். பட்டியல் வந்ததும் கூட்டமைப்பு வழியாக ஒரே நாளில் எல்லோரும் வங்கிக்குப் போவோம். அங்கே அவர் வெயிலில் உழைக்கும் காசு, இங்கே நம் பெயரில் பதிவாகட்டும்!