வெட்டுவதும் சுருக்குவதும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, ஊரில் நடைபெறும் மங்கல நிகழ்ச்சிகள் இன்று பெரும்பாலும் காணொளியாகவே வந்து சேர்கின்றன. விடுப்புக் கிடைக்காமல் தில்லியிலோ மும்பையிலோ தங்கிவிட்டவர், மதுரையில் நிகழ்ந்த திருமணத்தைக் கைபேசித் திரையில் கண்டு மகிழ்கிறார். ஆயினும் சில வேளைகளில் மணமக்கள் மட்டுமே தெரிகின்றனர். வரிசையின் ஓரத்தில் நின்ற பாட்டியாரைக் காணோம். படம் பிடித்தவர் அவரை விட்டுவிடவில்லை. படத்தைத் திரைக்கேற்ப அமைத்தவரே வெட்டிவிட்டார். இது நேர்வது எவ்வாறு, தவிர்ப்பது எவ்வாறு என்பதை நோக்குவோம்.

ஓரம் வெட்டுதல் வேறு. அளவு மாற்றுதல் வேறு. ஒரு புகைப்படத்தின் விளிம்பைக் கத்தரிக்கோலால் நறுக்குவது முதலாவது. அதே படத்தைச் சிறிய தாளில் அச்சிடுவது இரண்டாவது. முன்னதில் காட்சியின் ஒரு பகுதி நீங்குகிறது. பின்னதில் காட்சி முழுவதும் நிற்கிறது; நுணுக்கம் மட்டுமே குறைகிறது.

கைபேசியைக் கிடையாகப் பிடித்து எடுக்கும் படம், வழக்கமாக 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடையது. இதனை உயரம் குறையாமல் 9:16 என்ற நெடுந்திரைக்கு வெட்டினால், எஞ்சும் அகலம் ஏறத்தாழ 608 புள்ளிகளே. அதாவது, காட்சியில் மூன்றில் ஒரு பங்கு கூட மிஞ்சுவதில்லை. ஓரத்தில் நின்றோர் மறைந்து போவதற்குக் காரணம் இதுவே.

கட்டணமின்றிக் கிடைக்கும் 'ஷாட்கட்' என்னும் மென்பொருளில் இவ்வேலையை நம் விருப்பப்படி செய்துகொள்ளலாம். 'வீடியோ மோட்' என்பதில் திரையின் வடிவத்தைத் தேர்ந்தபின், படத்துண்டுக்கு 'சைஸ், பொசிஷன் & ரொட்டேட்' என்னும் வடிகட்டியைச் சேர்க்க வேண்டும். அதில் மூன்று வழிகள் உள்ளன. 'ஃபிட்' என்பது படம் முழுவதையும் திரைக்குள் அடக்கி, மீந்த இடத்தைக் கறுப்பாக விடும். 'ஃபில்' என்பது திரையை நிரப்பி, வெளியே வழிவதை வெட்டும். 'டிஸ்டார்ட்' என்பது படத்தை இழுத்துத் திரையை மூடும். 'ஃபில்' தேவைப்படுமாயின், படத்தை இடமோ வலமோ நகர்த்தி, எவர் திரையில் நிற்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

பழைய வீடியோ கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றிய படங்களில் மேலும் கவனம் வேண்டும். அவற்றின் விகிதம் 4:3. இன்றைய தொலைக்காட்சித் திரையின் விகிதமோ 16:9. இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். வெட்டி நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு போய், நின்றவர் தலை மறையும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பது குறையன்று. மறைந்த பெரியவரின் முகம் உள்ளபடியே தெரிவதன்றோ முக்கியம்!

கோப்பு பெரிதாக இருந்து அனுப்ப இயலாவிடின், வெட்ட வேண்டுவதில்லை. அளவைக் குறைத்தால் போதும். 'ஹேண்ட்பிரேக்' என்னும் மற்றோர் இலவச மென்பொருளில் 'டைமென்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்று, 1280-க்கு 720 என வரம்பிடலாம். புள்ளிகளின் தொகை பாதிக்கும் கீழாகக் குறையும். ஆனால் ஒருவரும் விடுபடார். கறுப்பு ஓரங்களைத் தானே கண்டறிந்து நீக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. இருள் மிகுந்த காட்சிகளில் அது தவறக்கூடும். ஆதலால் முடிவை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

இவ்விரு மென்பொருள்களும் மாற்றிய படத்தைப் புதிய கோப்பாகவே எழுதுகின்றன. மூலக் கோப்பை அழிக்காமல் காத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்குக. மாற்றியதையே மீண்டும் மாற்றினால் தெளிவு படிப்படியாகக் குன்றும். சுருக்கிய படத்தின் மூலம் நம்மிடம் இருந்தால் பழைய தெளிவை மீளப் பெறலாம். மூலத்தை இழந்தபின், வெட்டப்பட்டவரை மீட்டுத் தர எந்த மென்பொருளாலும் இயலாது.