தோட்டத்து ஆட்டங்கள் – 6: பல்லாங்குழியும் சொங்காக்கும்

மலேசியாவில் ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோப்பெங், ரப்பர் வருவதற்கு முன்பே ஈயத்தால் வளர்ந்த ஊர். சுமத்திராவிலிருந்து வந்த ராவா மலாய்க்காரர்களும் ஈயச் சுரங்கங்களை நம்பி வந்த சீனர்களும் இங்கே முன்னரே வேரூன்றியிருந்தனர். ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊர்களில் ஆள் திரட்டும் கங்காணிகளின் வழியாகத் தமிழர் பெருமளவில் வந்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களின் லயங்களில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் குடியேறினர். பல்லாங்குழி ஆடும் தமிழரும் சொங்காக் ஆடும் மலாய்க்காரரும் அண்டை அயலாராயினர்.

இரண்டும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். பக்கத்துக்கு ஏழு குழிகள். ஒரு குழியின் காய்களை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வதே ஆட்டத்தின் அடிப்படை. மலாய்ப் பலகையின் இரு முனைகளிலும் ‘வீடு’ எனப்படும் சேமிப்புக் குழி உண்டு. குழிக்கு ஏழாக 98 காய்களைக் கொண்டு தொடங்குவது அதன் பரவலான வழக்கம். தமிழ்ப் பலகையில் அந்த வீடு இன்றியமையாததன்று; வென்ற காய்கள் மடியிலோ தரையிலோ சேரும். காய் இடும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது ‘பசு’ எனப்பட்டு, குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார்.

சதுரங்கத்திலும் தாயத்திலும் ஒவ்வோர் ஆட்டமும் பழையதை மறந்து புதிதாகத் தொடங்க, இவ்விரண்டிலும் முந்திய சுற்றின் இழப்பைச் சுமந்துகொண்டே அடுத்த சுற்று தொடங்குகிறது என்பதே இவற்றைக் கதைக்கு மிக அருகில் கொண்டுவருகிறது. கைவசமுள்ள காய்களால் நிரப்ப இயலாத குழிகள் அடைபட்டுப்போகின்றன. சொங்காக்கில் இந்த ஆட்டக் குழிகளையும் வீடுகளாகக் கருதி, அவற்றை எரிந்த வீடுகள் என்பர். குறைந்த குழிகளோடு ஆடி, இழந்தவற்றை ஒவ்வொன்றாக மீட்பவரும் உண்டு. எல்லாவற்றையும் இழந்து எழுபவரும் உண்டு. பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் ‘பண்பாட்டு அசைவுகள்’ நூலில், சமமான காய்களோடு தொடங்கி ஒருவர் கையில் எல்லாம் குவிய மற்றவர் வெறுங்கையராகும் இந்த ஆட்டத்தைத் தனியுடைமையின் தோற்றத்தோடு இணைத்துக் காண்கிறார். ஆழமான வாசிப்பு அது. எனினும் குழிகளை மீட்கும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், கங்காணியிடம் பெற்ற முன்பணக் கடனோடு கப்பலேறிய மக்கள் இதில் தங்கள் வாழ்வையே கண்டிருக்கக்கூடும் என்பது புலப்படும். துணையின்றி ஒருவரே ஆடும் வகையை, அசோகவனத்துச் சீதை ஆடியதாகச் சொல்லி, சீதைப் பாண்டி என்று அழைக்கும் வழக்கும் இந்தக் கதைத்தன்மையை மக்கள் உணர்ந்திருந்ததையே காட்டுகிறது.

ஆட்டத்துக்குப் பலகை கட்டாயமன்று. மண்ணில் குழி பறித்தும் ஆடலாம். தமிழர் மஞ்சாடி என்றும் மலாய்க்காரர் சாகா என்றும் அழைக்கும் ஒரே மரத்தின் செந்நிற விதைகள் இரு ஆட்டங்களுக்கும் காய்களாயின. புளியங்கொட்டைக்கு மாற்றாக, வெயிலில் வெடித்துச் சிதறும் ரப்பர்க் காய்களின் கொட்டைகளும் கிடைத்தன. சேலம், திருச்சி, தஞ்சை, வடாற்காடு எனப் பல வட்டாரத்தார் அடுத்தடுத்துக் குடியிருந்த லயத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு விதி இருக்குமாதலால், ஆடுவதற்கு முன்பே எந்த விதிப்படி என்று பேசி முடிவுசெய்ய வேண்டியிருக்கும். அயலாரை உறவாக்குவதில் அந்தப் பேச்சுக்கு ஆட்டத்தைவிடக் குறைந்த பங்கு இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயங்கள் கலைந்துவிட்டாலும், பலகையை வாங்குவது இன்றும் எளிது. கடையில் கிடைக்கும் சொங்காக் பலகையிலேயே இரு வீடுகளையும் ஒதுக்கிவிட்டுப் பல்லாங்குழி ஆடலாம். அரிதாகி வருபவை விதிகளே. கோப்பெங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த முதியோரிடமிருந்து அவரவர் குடும்பத்து விதிகளையும், அவை எந்த ஊரிலிருந்து வந்தன என்பதையும் கேட்டு எழுதிவைக்கும் பணி இப்போதே தொடங்கப்பட வேண்டும்.