பால் தந்த காய்ச்சல்

“கறந்த சூட்டோடு குடித்தால்தான் பாலின் சத்து முழுவதும் சேரும்” என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாடு கொழுகொழு என்றிருக்கிறது. பாலும் வெள்ளைவெளேர் என்றிருக்கிறது. பின் காய்ச்சுவானேன்? இக்கேள்விக்கு மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவு விடை தருகிறது.

ஆடு காட்டிய வழி

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அத்தீவில் தங்கியிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு காய்ச்சல் வாட்டியது. ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். வியர்வையும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் படுத்தவர்கள் உண்டு. 1887-இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், நோயால் இறந்தவர்களின் மண்ணீரலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அவர் நினைவாக அது ‘புருசெல்லா’ எனப்படுகிறது. அது உடலுக்குள் நுழைந்த வழி மட்டும் புலப்படவில்லை.

அந்நாளில் மால்ட்டாவில் வெள்ளாடுகளை வீட்டுவாசலுக்கே ஓட்டிவந்து பால் கறந்து கொடுப்பார்கள். 1905-இல் அத்தீவின் மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித், நல்ல திடமாகத் தோன்றிய ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். அங்கே நோயின் அடையாளம் இருந்தது! பாலிலும் அக்கிருமிகள் இருந்தன. 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. தொடர்ந்து பச்சைப்பால் குடித்த ஊர் மக்களையோ அது விடவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை நாக்கு கண்டுபிடித்துவிடும். புருசெல்லா பாலின் நிறத்தையோ மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை. கண்ணும் நாக்கும் இங்கே பயன்படா.

ஒன்று பலவாகும் கணக்கு

நோயற்ற மாட்டின் பாலிலும் மடியில் ஒட்டிய சாணம், கறப்பவர் கை, கழுவாத பாத்திரம் ஆகியவற்றிலிருந்து கிருமிகள் சேரலாம். கறந்த பாலின் இளஞ்சூடு அவற்றுக்கு மிகவும் ஏற்றது. ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது என்று கொள்வோம். 3 மணி நேரத்தில் அது 512 ஆகும். 6 மணி நேரத்தில்? 2,62,144! குளிர்வித்தால் இவ்வேகம் குறையும். ஆனால் கிருமிகள் சாவதில்லை.

அவற்றைக் கொல்வது வெப்பமே. பால் பண்ணைகளில் 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி பாலைச் சூடாக்குகிறார்கள். இதுவே பாஸ்டர் முறை. வெப்பநிலை ஒன்பது டிகிரி உயர்ந்ததும் நேரம் எவ்வளவு சுருங்குகிறது, பாருங்கள்!

வீட்டில் நமக்கு வெப்பமானி தேவையில்லை. நுரை பொங்கியவுடன் இறக்கிவிடாமல், தீயைக் குறைத்து, கிளறியபடி சற்று நேரம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிறகு மூடி வையுங்கள். சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையலாம். பாலின் புரதமும் கால்சியமும் எங்கும் போய்விடா. மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பதோடு ஒப்பிட்டால், அந்த இழப்பு பெரிதா? நீங்களே சொல்லுங்கள்.