வினோத் காம்ப்ளி: பாதியில் நின்ற இன்னிங்ஸ்

21 வயதில் அடுத்தடுத்து இரண்டு இரட்டைச் சதங்கள். 23 வயதில் கடைசி டெஸ்ட். சராசரி 54.20 இருந்தும் இந்தியாவின் அபூர்வ இடது கை ஆட்டக்காரர் ஏன் திரும்பி வரவில்லை?

பம்பாய் ஆசாத் மைதானத்தில் 1988 பிப்ரவரியில் ஹாரிஸ் கேடயத்துக்கான பள்ளி அணிகளின் அரையிறுதி ஆட்டம். சாரதாஸ்ரம் வித்யாமந்திர் பள்ளியின் இரண்டு பையன்கள் முதல் நாள் மட்டையுடன் களத்தில் இறங்கினார்கள். மறுநாளும் அவர்கள்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். போதும், டிக்ளேர் செய்யுங்கள் என்று எல்லைக்கோட்டிலிருந்து உதவிப் பயிற்சியாளர் கையசைத்தும் இருவரும் கவனிக்காதது போல் இருந்துவிட்டார்கள். கடைசியில் ஒருவழியாக ஆட்டத்தை நிறுத்தியபோது ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு 748. பிரியாத மூன்றாவது விக்கெட் ஜோடியின் பங்கு 664. சச்சின் டெண்டுல்கர் 326, வினோத் காம்ப்ளி 349. பிறகு செயின்ட் சேவியர்ஸ் பள்ளி ஆட வந்தபோது காம்ப்ளி பந்தையும் கையில் எடுத்து 37 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

அந்த ஜோடியில் ஒருவர் 200 டெஸ்ட்களில் 15,921 ரன்கள் எடுத்து 2013-ல் ஓய்வு பெற்றார். மற்றவர் ஆடிய டெஸ்ட்கள் 17. எடுத்த ரன்கள் 1,084. இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டுப்பாடு இருந்தவர் உயர்ந்தார், இல்லாதவர் வீழ்ந்தார் என்று நீதிக்கதை சொல்வது இந்திய கிரிக்கெட்டில் பழகிப்போன வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டினால் இன்னொரு கதையும் தெரிகிறது. அது ஒரு குறையின் கதை. எல்லோர் கண்ணிலும் பட்ட, ஆனால் யாரும் உட்கார்ந்து சரிசெய்யாத ஒரு குறை.

காம்ப்ளி 1972 ஜனவரி 18-ல் பிறந்தவர். பம்பாயின் வடகிழக்கே காஞ்சூர்மார்கில் ஒரு சால் குடியிருப்பில் வளர்ந்தார். மாநகரின் நெரிசல் மிகுந்த மின்சார ரயிலில் கிரிக்கெட் பையுடன் தொற்றிக்கொண்டு, தாதரில் ரமாகாந்த் அச்ரேக்கரின் பயிற்சிக்கு வந்து சேர்வதே அவருக்கு ஒரு தேர்வுதான். சிவாஜி பார்க்கில் பையன்களை உருவாக்கிய அச்ரேக்கர் வாய்விட்டுப் பாராட்டுவதில் கஞ்சர். ஆனால் தன் மாணவர்களை ஆட்டத்துக்கு ஆட்டம் இழுத்துக்கொண்டு ஓடுவதில் சலிக்காதவர். அந்தப் பட்டறையில் இயற்கையான திறமையில் காம்ப்ளிக்கே முதலிடம் என்று சொன்னவர்கள் அன்றைய பம்பாயில் பலர் உண்டு.

அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட விதமும் அதை உறுதி செய்தது. ரஞ்சி கோப்பையில் சந்தித்த முதல் பந்தையே சிக்ஸருக்குத் தூக்கினார். 1991 அக்டோபரில் ஷார்ஜாவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு நாள் போட்டியில் இந்தியத் தொப்பி கிடைத்தது. 1993 ஜனவரியில் ஜெய்ப்பூரில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் சரியாக 100 எடுத்தார். அன்று அவருக்கு 21-வது பிறந்தநாள்.

அதற்குப் பிறகு வந்த ஏழு மாதங்கள் போல இந்திய கிரிக்கெட்டில் வேறு எந்தப் புதுமுகத்துக்கும் வாய்க்கவில்லை. கல்கத்தாவில் முதல் டெஸ்ட்டில் 16, ஆட்டமிழக்காமல் 18. சேப்பாக்கத்தில் 59. சொந்த ஊரின் வான்கடே மைதானத்தில் 224. சாரதாஸ்ரம் ஜோடி அன்று மீண்டும் சேர்ந்து ஆடி 194 ரன்கள் குவித்தது. டெண்டுல்கர் 78-ல் வெளியேற, காம்ப்ளி தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தார். டெஸ்ட்டில் இரட்டைச் சதம் அடித்த மிக இளைய இந்தியர் என்ற பெருமை இன்றும் அவருடையதுதான். அடுத்த மாதமே டில்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227. கொழும்புவில் இலங்கைக்கு எதிராக 125, 120. ஏழு டெஸ்ட்கள் முடிந்தபோது 793 ரன்கள், நான்கு சதங்கள், சராசரி 113. டெண்டுல்கர் தன் முதல் டெஸ்ட் இரட்டைச் சதத்துக்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

சுழற்பந்து வீசுபவர்களுக்கு அவர் தயை காட்டவில்லை. கால்களை நகர்த்திப் பந்தின் அருகே வந்து, அது தரையில் குத்தித் திரும்பும் முன்பே தூக்கி அடிப்பார். 1994-ல் ஷார்ஜாவில் ஷேன் வார்னின் ஒரே ஓவரில் 22 ரன்கள் பறந்தன. உலகமே வார்னைக் கண்டு நடுங்கிய காலம் அது. காதில் கடுக்கன், கழுத்தில் சங்கிலி, மட்டையின் பிடியில் தடித்த ரப்பர் உறைகள், நாளொரு தலையலங்காரம். பம்பாய் பேட்ஸ்மன் என்றால் அடக்கமும் அழுத்தமும் என்று பழகியிருந்த கண்களுக்கு இது புதிய காட்சி. ரன்கள் வந்தவரை அலங்காரத்தை எல்லோரும் ரசித்தார்கள். ரன்கள் நின்றதும் அதுவே குற்றப்பத்திரிகையின் முதல் வரியாயிற்று.

ரன்கள் நின்றது 1994 இறுதியில். கோர்ட்னி வால்ஷ் தலைமையில் மேற்கிந்திய அணி வந்தது. கர்ட்லி ஆம்ப்ரோஸ் அந்த அணியில் இல்லை. வால்ஷும் கென்னி பெஞ்சமினும் போதுமானவர்களாக இருந்தார்கள். பந்தைப் பாதி தூரத்தில் குத்தி, இடது கைக்காரரின் விலா எலும்பை நோக்கி எழும்பவிட்டார்கள். ஒதுங்குவதா, அடிப்பதா, தடுப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் காம்ப்ளி தவித்தார். வான்கடேயில் எடுத்த 40 ரன்களின்போது டெஸ்ட்டில் ஆயிரம் ரன்களைத் தாண்டினார். அது அவருடைய 14-வது இன்னிங்ஸ். எந்த இந்தியரும் அதைவிடக் குறைந்த இன்னிங்ஸ்களில் ஆயிரத்தைத் தொட்டதில்லை. ஆனால் அதன் பிறகு அந்தத் தொடரில் வந்த ஸ்கோர்கள் 0, 0, 6, 18, 0.

இங்கே ஒரு புள்ளிவிவரம் யோசிக்க வைக்கிறது. காம்ப்ளி ஆடிய 17 டெஸ்ட்களில் 16 இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்தவை. துணைக் கண்டத்துக்கு வெளியே அவர் ஆடியது 1994-ல் நியூசிலாந்தின் ஹாமில்டனில் ஒரே ஒரு டெஸ்ட். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் ஒரு டெஸ்ட்கூட இல்லை. அந்த நான்கு சதங்களும் பந்து அதிகம் எழும்பாத ஆடுகளங்களில் வந்தவை. எழும்பும் பந்தை ஆடக் கற்றுக்கொள்ள வேண்டிய இடங்களுக்கு அவர் டெஸ்ட் ஆடப் போகவே இல்லை. அந்தப் பாடம் முதன்முதலாக வால்ஷின் கையிலிருந்து வந்தது. அதே பாடம் பரீட்சையாகவும் அமைந்துவிட்டது.

பரீட்சையில் தவறியவருக்கு மறுபடி படிக்க வழி இருந்ததா? அன்றைய இந்திய அணியுடன் இன்று போல பேட்டிங் பயிற்சியாளரும் வீடியோ ஆய்வாளரும் வருவதில்லை. 1994 டிசம்பருக்குப் பிறகு 1995 அக்டோபர் வரை இந்தியா ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஆண்டு முழுவதும் ஒரு நாள் போட்டிகள்தான். நடுவில் உள்ளூர் ஆட்டங்களுக்குப் போனால் அங்கே விலாவுக்குக் குறிவைக்கும் வேகம் யாரிடமும் இல்லை. பம்பாய்க்காக அவர் குவித்த ரன்கள் குறையை மறைத்தனவே தவிர மாற்றவில்லை. நியூசிலாந்து அணி வந்தபோது மழை புகுந்த மூன்று டெஸ்ட்களில் அவருக்குக் கிடைத்தவை இரண்டு இன்னிங்ஸ்கள்: 27, 28. 1995 நவம்பரில் கட்டாக்கில் ஆடியது கடைசி டெஸ்ட் என்று அப்போது 23 வயதான அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தன் பங்குக்கு அவர் செய்ததும் சொல்லப்பட வேண்டும். அணிக்குள் இருந்தபோதும் வெளியே இருந்தபோதும் அவருடைய கட்டுப்பாடு பற்றிய பேச்சு ஓயவில்லை. மதுப்பழக்கத்தால் தான் பட்ட பாட்டைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். எதிரே நின்று ஆடிய நண்பன் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வலைப் பயிற்சியில் மணிக்கணக்கில் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். சச்சின் லிஃப்டில் ஏறிப் போனார், தான் மாடிப்படியில் ஏற வேண்டியிருந்தது என்று ஒருமுறை காம்ப்ளி சொன்னது பிரபலம். காஞ்சூர்மார்கிலிருந்து வந்தவரின் வார்த்தையாக அது நியாயமே. ஆனால் மாடிப்படியில் ஏறுபவர் நடுவில் நின்றால் லிஃப்டின் மேல் பழி போட முடியாது.

நாட்டு மக்களின் மனதில் பதிந்திருக்கும் காம்ப்ளி வேறு. 1996 மார்ச் 13. ஈடன் தோட்டத்தில் உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கையின் 251-ஐத் துரத்திய இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்ற நிலையிலிருந்து 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தது. பாட்டில்கள் பறந்தன, அரங்கில் தீ எரிந்தது. நடுவர் குழுவின் கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கு அளித்தார். 10 ரன்களுடன் களத்தில் நின்றிருந்த காம்ப்ளி கண்ணீரைத் துடைத்துக்கொண்டே படியேறினார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் கான்பூரில் ஜிம்பாப்வேக்கு எதிராக 106 எடுத்திருந்தார்.

அந்தக் கோடையில் இங்கிலாந்து சென்ற அணியில் அவர் இல்லை. லார்ட்ஸில் அறிமுகமான சௌரவ் கங்குலி 131-உம் ராகுல் திராவிட் 95-உம் எடுத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் வி.வி.எஸ். லட்சுமணும் வந்து சேர்ந்தார். நடு வரிசையின் கதவு அடைபட்டது. ஒரு நாள் அணிக்கு மட்டும் காம்ப்ளி வந்து போய்க்கொண்டிருந்தார். ஓர் அரைசதம், இரண்டு தோல்வி, நீக்கம், மறுபடி அழைப்பு. இப்படி ஒருவரை அழைப்பதும் அனுப்புவதுமாக இருந்தால் எந்த மட்டையும் நிலைகொள்ளாது. 104 ஒரு நாள் போட்டிகளில் 2,477 ரன்கள், இரண்டே சதங்கள். கடைசி ஆட்டம் 2000 அக்டோபரில் ஷார்ஜாவில். இலங்கைக்கு எதிராக இந்தியா 54 ரன்களில் சுருண்ட அதே இறுதி ஆட்டம்.

முதல் தரப் போட்டிகளில் அவர் கணக்கு வேறு உயரத்தில் நிற்கிறது: 129 ஆட்டங்கள், 35 சதங்கள், சராசரி 59.67. மொத்தம் 9,965 ரன்கள். பத்தாயிரத்துக்கு 35 ரன்கள் குறைவு. டெஸ்ட்டிலோ, ஆயிரத்தைத் தாண்டிய பிறகு ஆடிய ஏழு இன்னிங்ஸ்களில் அவர் சேர்த்தது 79 ரன்கள் மட்டுமே. காம்ப்ளி சீரற்றவர் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அவர் இரண்டு விதத்தில் மிகச் சீரானவர். எழும்பாத ஆடுகளத்தில் சீராக அடித்தார். எழும்பும் பந்துக்குச் சீராக ஆட்டமிழந்தார்.

மட்டையை வைத்த பிறகு வாழ்க்கை மென்மையாக நடத்தவில்லை. 2002-ல் ஓர் இந்திப் படம், 2009-ல் விக்ரோலி சட்டமன்றத் தொகுதியில் தோல்வி. அதே ஆண்டு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சச்சின் தனக்கு இன்னும் உதவியிருக்கலாம் என்று சொல்லப் போய் நட்பில் விரிசல். கிரிக்கெட் வாரியத்தின் 30,000 ரூபாய் மாத ஓய்வூதியம்தான் தன் வருமானம், வேலை வேண்டும் என்று 2022-ல் கேட்டார். 2024 டிசம்பரில் சிவாஜி பார்க்கில் அச்ரேக்கரின் நினைவுச் சின்னம் திறக்கப்பட்ட மேடையில், டெண்டுல்கரின் கையை விடாமல் பற்றிக்கொண்டிருந்த உடல் தளர்ந்த காம்ப்ளியை நாடே பார்த்துக் கலங்கியது. அந்த மாதமே அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறு ஆண்டு சுனில் கவாஸ்கரின் அறக்கட்டளை மாதாந்திர உதவிக்கு முன்வந்தது.

இரக்கம் நல்லதுதான். ஆனால் 1994-லேயே தேவைப்பட்டது வேறு. தேசிய கிரிக்கெட் அகாடமி பெங்களூரில் தொடங்கப்பட்டது 2000-ல், அதாவது காம்ப்ளியின் சர்வதேச ஆட்டம் முடிந்த ஆண்டில். இந்திய 'ஏ' அணியை வெளிநாடுகளுக்கு அனுப்பி இளைஞர்களைப் பழக்கும் ஏற்பாடு வலுப்பெற அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின.

அந்த ஏற்பாடுகளின் பலனைப் பார்க்க அதே ஆசாத் மைதானத்துக்குத் திரும்பினால் போதும். அங்கே கூடாரத்தில் தங்கிக் கிரிக்கெட் கற்ற மும்பையின் இடது கைக்காரர் யஷஸ்வி ஜெய்ஸ்வால், 2023 ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த தன் முதல் டெஸ்ட்டிலேயே 171 எடுத்தார். அந்த ஆண்டு இறுதியில் தென் ஆப்பிரிக்காவின் எழும்பும் ஆடுகளங்களில் நான்கு இன்னிங்ஸ்களிலும் ஓர் அரைசதம்கூட அடிக்கவில்லை. அவரை யாரும் நீக்கவில்லை. 2024-ல் இங்கிலாந்துக்கு எதிராக அடுத்தடுத்த டெஸ்ட்களில் இரட்டைச் சதங்கள், தொடரில் 712 ரன்கள். அதே ஆண்டு நவம்பரில் பெர்த்தில் முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், இரண்டாவதில் 161.

ஜெய்ஸ்வால் ஆயிரம் ரன்களை எட்ட 16 இன்னிங்ஸ்கள் பிடித்தன. காம்ப்ளியின் 14 அப்படியே நிற்கிறது. காம்ப்ளிக்கு எட்டாமல் போனது பூஜ்யத்துக்கும் 161-க்கும் இடையில் உள்ள அந்த நாட்கள்தான். அதைக் கேட்டு வாங்கும் பிடிவாதம் அவரிடம் இருக்கவில்லை. அதை அவருக்குக் கொடுக்க அன்றைய இந்திய கிரிக்கெட்டிடமும் வழி இருக்கவில்லை.